இலவசப் பாடப்பொருள்: பென்டிரைவில் நிலைத்தவை

புதிதாகப் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்த தோழி ஒருத்தி போன வாரம் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். அவள் பாடம் அறிவியல். ஆள் பற்றாக்குறையால் ஆறாம் வகுப்புக் கணக்கும் ஏழாம் வகுப்பு சமூக அறிவியலும் அவள் பொறுப்பில் வந்து சேர்ந்திருக்கின்றன. "அக்கா, எல்லாப் பாடத்துக்கும் இலவசமா மெட்டீரியல் எங்கதான்க்கா கிடைக்கும்? தேடினா ஆயிரம் வருது, வகுப்புக்குக் கொண்டுபோற மாதிரி ஒண்ணும் சிக்க மாட்டேங்குது." அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். திக்‌ஷா, மணற்கேணி ஆகிய அரசுக் கல்வித் தளங்கள், கல்வித் தொலைக்காட்சி, பாடநூலில் இருக்கும் க்யூஆர் குறியீடு எல்லாம் நம் ஆட்களுக்குத் தெரிந்தவை. அவற்றை மறுபடி விளக்கப்போவதில்லை. சில வருடங்களாக வகுப்பில் நான் உண்மையிலேயே எடுத்துப் பயன்படுத்துபவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இலவசம் என்று ஒன்றை நான் ஏற்றுக்கொள்ள ஒரே நிபந்தனைதான் வைத்திருக்கிறேன். இணையம் இல்லாத வகுப்பறையில் அது திறக்க வேண்டும், என் பிள்ளைகளுக்கு ஏற்றபடி அதை வெட்டவும் மாற்றவும் எனக்கு உரிமை இருக்க வேண்டும். காசு கேட்கவில்லை என்பது மட்டும் போதாது.

இந்த நிபந்தனையில் தேறாதவைதான் அதிகம் என்பதால் கோபத்தை முதலில் கொட்டிவிடுகிறேன். "எட்டாம் வகுப்பு ஒளியியல் பணித்தாள்" என்று தேடினால் முதலில் வரும் பக்கத்தில் இலவசம் என்று பெரிதாகப் போட்டிருக்கும். உள்ளே போனால் மின்னஞ்சல் கேட்கும், பிறகு கைப்பேசி எண், பிறகு ஓடிபி. எல்லாம் கொடுத்த பிறகு முதல் பக்கம் மட்டும் தெளிவாகத் தெரியும், மீதி மங்கலாக இருக்கும். அன்று மாலையே "மேடம், உங்க ஸ்கூலுக்கு ஒரு ஆஃபர்" என்று போன் வந்துவிடும். ஆசிரியரின் நேரத்தையும் எண்ணையும் வாங்கிக்கொண்டு அரைப்பக்கம் கொடுப்பதை இலவசம் என்று அழைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்தது வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றும் பி.டி.எஃப். ஒரு டியூஷன் சென்டரின் பெயரும் செல் நம்பரும் பக்கத்தின் குறுக்கே சாய்வாக, சாம்பல் நிறத்தில் அச்சாகியிருக்கும். இதயத்தின் படத்தில் பெருந்தமனி எங்கே தொடங்குகிறதோ சரியாக அங்கே அந்த எண் ஓடும். ஜெராக்ஸ் எடுத்தால் படம் போய் எண் மட்டும் நன்றாக விழும். சரி, எழுத்தை மட்டுமாவது எடுப்போம் என்று ஒரு கேள்வியை நகலெடுத்து ஒட்டினால், பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது என்பதால், வேறு ஏதோ குறிகள் கொட்டும். ஒரே ஒரு கேள்வியை மாற்றுவதற்கு முழுத்தாளையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும்.

நியாயமாகவும் பேச வேண்டும். அந்தத் தாள்களில் பலவற்றைத் தயாரித்தவர்கள் நம்மைப் போன்ற ஆசிரியர்கள். பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் வேலை முடித்து, வீட்டு வேலை முடித்து, இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்தவர்கள். உழைத்தவர் பெயர் போட்டுக்கொள்வது அவர் உரிமை. பக்கத்தின் அடியில் போட்டால் நான் நன்றியோடு படித்துப் பிள்ளைகளுக்கும் சொல்வேன். படத்தின் மேல் போடாதீர்கள், எந்தக் கணினியிலும் எழுத்து மாறாத யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். இதை எழுதும்போதே போன வருடத்துத் தாள் ஒன்று கண்ணில் பட்டு மறுபடி எரிச்சல் வருகிறது, அதனால் அடுத்ததற்குப் போகிறேன்.

நான் அதிகம் பேச விரும்புவது ஃபெட் பற்றி. அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில், இயற்பியலுக்கான நோபல் பரிசை 2001இல் பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன், 2002இல் தொடங்கிய திட்டம் அது. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் பாடங்களுக்கான ஊடாடும் உருவகங்கள், அதாவது நாமே இயக்கிப் பார்க்கும் சிமுலேஷன்கள், தமிழ் உட்படப் பல மொழிகளில். இவ்வளவும் பலருக்குத் தெரிந்திருக்கலாம். பயிற்சி வகுப்புகளில்கூடச் சொல்லாமல் விடுகிற ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு உருவகத்தின் பக்கத்திலும் இறக்குவதற்கு ஒரு குறி உண்டு. அதைத் தொட்டால் இணையப் பக்க வடிவமான எச்.டி.எம்.எல்.லில் ஒரே ஒரு கோப்பு இறங்கும். படம், எழுத்து, கணக்கீடு எல்லாம் அந்த ஒரு கோப்புக்குள் அடக்கம். பென்டிரைவில் போட்டு எந்தக் கணினியிலும் பிரவுசரில் திறக்கலாம். நிறுவத் தேவையில்லை, உள்நுழைவு தேவையில்லை, இணையமும் தேவையில்லை. தமிழ்ப் பக்கத்திலிருந்து இறக்கினால் தமிழிலேயே திறக்கும்.

இதன் அருமை அசைவூட்டங்களை ஓட்டும் ஃப்ளாஷ் மென்பொருள் 2020 டிசம்பரில் நிறுத்தப்பட்டபோது புரிந்தது. அதுவரை வகுப்பில் ஓடிக்கொண்டிருந்த அசைவூட்டப் பாடங்கள், விளையாட்டுகள், குறுந்தகடுகளில் வந்தவை உட்பட, ஒவ்வொன்றாக இருண்டன. ஃபெட் குழு தன் பழைய ஜாவா, ஃப்ளாஷ் உருவகங்களில் முக்கியமானவற்றை முன்கூட்டியே எச்.டி.எம்.எல்.லுக்கு மாற்றி எழுதத் தொடங்கியிருந்தது. தொலைநோக்கோடு செய்த அந்த வேலையால்தான் என் மின்சுற்றுப் பாடம் இன்னும் ஓடுகிறது.

மின்சுற்று உருவகத்தைப் பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் நடத்தும்போது ஒவ்வொரு வருடமும் எடுக்கிறேன். பேட்டரி, பல்பு, கம்பி, சாவி ஆகியவற்றை இழுத்து வைத்துச் சுற்றை நாமே கட்டலாம். நாணயத்தையும் அழிப்பானையும் இடையில் வைத்து எது கடத்தும் என்று பார்க்கலாம். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக நகர்வது தெரியும். ஒரு தொடுதலில் அதை மரபு மின்னோட்டத்தின் அம்புக்குறிகளாக மாற்றலாம். எலக்ட்ரான் ஒரு பக்கம் போகிறது, மின்னோட்டத்தின் திசையை எதிர்ப்பக்கமாகக் குறிக்கிறோம் என்பதைக் கரும்பலகையில் விளக்கி ஓய்ந்தவர்களுக்கு இந்த ஒரு பொத்தானின் மதிப்பு தெரியும். குறுக்குச்சுற்று செய்தால் பேட்டரியில் தீப்பற்றும். வகுப்பு ஒரே குரலில் கத்தும், யாருக்கும் எதுவும் ஆகாது.

நான் எதிர்பார்க்காத இன்பம் வேறொன்று. பக்க இணைப்பில் இரண்டு பல்பு எரிகிறது, மூன்றாவதைச் சேர்த்தால் மங்குமா என்று கேட்டேன். கைகள் தூக்கப்பட்டன, கட்சி பிரிந்தது. உருவகத்தில் மங்கவில்லை. பிறகு உண்மையான டார்ச் செல்லையும் சின்ன பல்புகளையும் வைத்துச் செய்தோம். மங்கியது. "டீச்சர், கம்ப்யூட்டர்ல மங்கல, இதுல மங்குதே, எது பொய்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள். உருவகத்தின் சோதனைக்கூடப் பகுதியில் பேட்டரியின் மின்தடையைக் கூட்டிக் குறைக்க ஒரு நழுவி (ஸ்லைடர்) இருக்கிறது. அதை மெல்லக் கூட்டச் சொன்னேன். மூன்று பல்பும் ஒன்றாக மங்கின. பன்னிரண்டாம் வகுப்பில் வரவேண்டிய அகமின்தடை, அதாவது பேட்டரிக்குள்ளேயே இருக்கும் மின்தடை, பத்தாம் வகுப்பில், அவளே கேட்ட கேள்வியின் விடையாக வந்து நின்றது. பாடநூலோ காணொளியோ இதைச் செய்திருக்காது. காணொளி எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடும், இந்தப் பிள்ளை இந்த இடத்தில் கேட்பாள் என்று அதற்குத் தெரியாது.

வேதிச் சமன்பாடுகளைச் சமன்செய்யும் உருவகமும் அப்படித்தான். அம்மோனியா உருவாவதைக் கொடுத்தால் பிள்ளைகள் கீழ்க்குறி எண்ணை மாற்றத்தான் போவார்கள். அதில் முன்னால் வரும் கெழுவை மட்டுமே மாற்ற முடியும். மூலக்கூறுகள் கண்முன் கூடும், தராசு சாயும், சமனானால் நேராக நிற்கும். ஆறாம் வகுப்புப் பின்னங்களுக்கும் நல்ல உருவகங்கள் இருக்கின்றன.

குறையும் உண்டு. தமிழாக்கம் செய்பவர்கள் தன்னார்வலர்கள். அவர்கள் மொழிபெயர்க்காமல் விட்ட சொற்கள் ஆங்கிலத்திலேயே நிற்கும். புதிதாக வரும் உருவகங்கள் உடனே தமிழில் கிடைப்பதில்லை. ஆசிரியர்கள் பகிர்ந்த செயல்பாட்டுத் தாள்களைப் பார்க்க மட்டும் இலவசக் கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். பழைய பிரவுசரில் தடுமாறும் என்பதால் பள்ளிக் கணினியில் அதைப் புதுப்பித்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

மற்றப் பாடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணக்குக்கு, வடிவங்களை வரைந்து இழுத்துப் பார்க்கும் மென்பொருளான ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் தொடங்கியது. கணினியில் நிறுவிக்கொண்டால் இணையம் வேண்டாம். அரைவட்டத்தில் புள்ளியை எங்கே இழுத்தாலும் கோணம் 90 பாகையில் நிற்பதைப் பிள்ளைகளையே இழுக்கச் சொல்லிக் காட்டுங்கள். சமூக அறிவியலில் வரைபடத்துக்கு மட்டும் கவனம் தேவை. வெளிநாட்டுத் தளங்களில் இந்தியாவின் வடக்கு எல்லை நம் பாடநூலில் உள்ளபடி இருக்காது. சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் வரைபடத்தையே எடுங்கள்.

தமிழுக்கு, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்தவை. அங்கே அலங்காரம் எதுவும் கிடையாது, வெறும் எழுத்துதான். எனக்கு வேண்டியதும் அதுதான். ஒரு குறளை நகலெடுத்து, சீர்களைக் கலைத்துப் போட்டு, வரிசைப்படுத்தச் சொல்லலாம். ஒரு சொல்லை நீக்கி நிரப்பச் சொல்லலாம். பக்கத்து வகுப்புத் தமிழாசிரியை இப்போது தாள் தயாரிப்பதே அதை வைத்துத்தான். ஒளிவருடிய அழகான பி.டி.எஃப். நூறு இருந்தாலும் இந்த ஒரு வசதிக்கு ஈடாகாது.

ஆங்கிலத்துக்கும் சிறு வகுப்பு வாசிப்புக்கும் பிரதம் புக்ஸின் கதைத் தளமான ஸ்டோரிவீவர், 2015இல் வந்தது. கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளில் இருக்கின்றன. ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைத்தால் இரண்டையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கக் கொடுக்கலாம். படைப்பாக்கப் பொது உரிமம் (கிரியேட்டிவ் காமன்ஸ்) என்பதால் வாக்கியங்களைச் சுருக்கி எளிதாக்கவும் தடையில்லை, மூலத்தின் பெயரைப் போட்டால் போதும்.

படங்களுக்கு விக்கிமீடியா பொதுவகம். அங்கே எஸ்.வி.ஜி. என்ற, பகுதி பகுதியாகத் திருத்தக்கூடிய வடிவில் இருக்கும் வரைபடங்களைத் தேடி எடுங்கள். இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் பெரும்பாலும் ஒவ்வொரு பெயரையும் தனியாகத் தொட்டுத் தமிழில் மாற்றலாம். தேர்வுக்கு வேண்டுமானால் பெயர்களை அழித்துக் கோடுகளை மட்டும் விடலாம். இதயம், மலர், செல், நீர்ச்சுழற்சி என்று எனக்கென்று ஒரு தொகுப்பே சேர்ந்துவிட்டது. எந்தக் கடையின் எண்ணும் குறுக்கே ஓடாத படங்கள்! வரைந்தவர் பெயரையும் உரிமத்தையும் படத்தின் அடியில் போடுகிறேன். ஒரு மாணவன் அதைப் படித்துவிட்டு, இவரை நமக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியாது, ஆனாலும் நமக்காக வரைந்திருக்கிறார் என்று சொன்னபோது எனக்கே மனம் நிறைந்தது.

இனி முடிவைச் சொல்ல வேண்டும். மதிப்பெண் போட்டால் ஃபெட்டுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். அதைவிட நன்றாக யோசித்துச் செய்த இலவசப் பொருளை நான் பார்க்கவில்லை. ஆனால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று இன்று கேட்டால் அதைச் சொல்லமாட்டேன். அரவிந்த் குப்தாவின் தளத்தைச் சொல்வேன். கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளர், குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்வதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர், 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். செய்முறைப் படங்கள், சிறு காணொளிகள், நூல்கள் என்று அத்தனையும் இலவசம். தேடும் வசதியோ பாடவாரியான ஒழுங்கோ ஃபெட் அளவுக்கு இல்லை, நம் பாடத்திட்டத்தோடு பொருத்துவதும் நம் வேலைதான். இருந்தும் அதைச் சொல்லக் காரணம் இந்த மாதம் ஆறாம் வகுப்பில் நடந்தது. கணினி அறையில் மின்சாரம் இல்லை. அவர் தளத்தில் உள்ள எளிய மின்மோட்டாரைச் செய்தோம். ஒரு செல், இரண்டு ஊக்கு, ஒரு ரப்பர் பேண்ட், ஒரு சிறு காந்தம், கொஞ்சம் எனாமல் பூசிய செம்புக் கம்பி. சுருள் சுற்றத் தொடங்கியதும் வகுப்பு முழுக்க எழுந்து நின்றது. உருவகத்தில் தீப்பற்றியபோது கேட்ட கூச்சல் வேறு, இது வேறு. தன் கையால் செய்த ஒன்று தானாக ஓடுவதை அந்தப் பிள்ளைகள் முதல்முறையாகப் பார்த்தார்கள். அந்த முகங்களைப் பார்த்த பிறகு தராசில் வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை.

செய்யப்போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கம்பியின் ஒரு முனையில் எனாமலை முழுதும் சுரண்ட வேண்டும், மறு முனையில் பாதிச் சுற்றளவு மட்டும். இரண்டையும் முழுதாகச் சுரண்டினால் சுருள் ஆடிவிட்டு நின்றுவிடும், ஏன் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். நன்றாகச் சுற்ற ஆரம்பித்ததும், காந்தத்தைத் திருப்பினால் எந்தப் பக்கம் சுற்றும், காந்தத்தையும் செல்லையும் ஒருசேரத் திருப்பினால் என்ன ஆகும் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எல்லோரும் எழுதி முடித்த பிறகு திருப்பிக் காட்டுங்கள்.