பச்சைக் கோடுகளை நம்பி ஓடுதல்: எடேல் கிராமமும் ஓ.எல்.1 வரைபடமும்

பிரிட்டனின் தேசிய வரைபட அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓ.எல்.1 என்ற எண்ணுடன் வெளிவரும் 'டார்க் பீக்' மலைப்பகுதி வரைபடத்தை மூன்றாண்டுகளாக ஓட்டத்துக்கு எடுத்துச் செல்கிறேன். நடைப்பயணிகள் இதைப் போற்றி எழுதியது ஏராளம். மூச்சு வாங்க, கை ஈரமாக, நின்று நிதானித்துப் பார்க்கப் பொறுமையில்லாத ஓட்டக்காரருக்கு இது எந்த அளவுக்கு உதவுகிறது என்பது வேறு கேள்வி. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டத்தில் எடேல் என்னும் சிற்றூரைச் சுற்றி நான் திரும்பத் திரும்ப ஓடும் மூன்று வழிகளை வைத்தே அதற்கு விடை சொல்ல முயல்கிறேன்.

எடேலைத் தேர்ந்ததற்கு முதற்காரணம் இரயில். மான்செஸ்டரையும் ஷெஃபீல்டையும் இணைக்கும் ஹோப் பள்ளத்தாக்குத் தடத்தில் அமைந்திருப்பதால், மான்செஸ்டரில் ஏறினால் ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். ஊர் என்று சொன்னாலும், மேல் பூத், பார்பர் பூத், கிரைண்ட்ஸ்புரூக் பூத், ஆலர்புரூக் பூத், கீழ் பூத் என ஐந்து சிறு குடியிருப்புகள் ஒரே பள்ளத்தாக்கில் சிதறிக் கிடப்பதுதான் எடேல். பூத் என்பது மந்தை மேய்ப்பவர் தங்கிய குடிலைக் குறித்த பழஞ்சொல். நம் ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'பட்டி'யை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும்.

வரைபடத்தின் அளவு 1:25,000, அதாவது தாளில் 4 செ.மீ. தரையில் 1 கி.மீ. நீலக் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ளவை என்பதால், கட்டங்களை எண்ணியே ஓட வேண்டிய தூரத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். ஆனால் இதன் உண்மையான மதிப்பு தூரக் கணக்கில் இல்லை. பச்சைக் குறுங்கோடுகள் பொது நடைபாதையைக் காட்டுகின்றன. பச்சை நெடுங்கோடுகள் குதிரையும் மிதிவண்டியும் கூடச் செல்லத்தக்க வழியைக் காட்டுகின்றன. நில உரிமையாளர் தாமே மனமுவந்து விட்டிருக்கும் பாதைகள் ஆரஞ்சு நிறத்தில் வருகின்றன. கறுப்புக் கோடு என்றால், தரையில் ஒரு தடம் இருக்கிறது என்பது மட்டுமே பொருள். அதில் கால் வைக்க நமக்கு உரிமை உண்டா என்பதற்கு அது சான்றாகாது. இந்த வேறுபாட்டை மனத்தில் வாங்கிக்கொள்ள எனக்கு ஓர் அவமானம் தேவைப்பட்டது. பலரும் ஓடிய தடங்களைச் செந்நிறத்தில் ஒளிரவிடும் ஒரு கைப்பேசிச் செயலியை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போய் நின்ற இடம், ஒருவருடைய பண்ணை முற்றம். கையில் வாளியுடன் நின்ற முதியவர் திட்டவில்லை. வேலிக்கு அப்பால் இருந்த வாயிலைக் கை நீட்டிக் காட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார். வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்தபோது, பச்சைக் கோடு அந்த முற்றத்துக்கு ஒரு வயல் தள்ளியே சென்றது தெரிந்தது. யார் யார் எங்கே ஓடினார்கள் என்பதைச் செயலி சொன்னது. எங்கே ஓடலாம் என்பதைச் சொன்னது தாள்தான்.

முதல் வழி, பள்ளத்தாக்கின் அடியிலேயே பூத்களைத் தொட்டுச் செல்லும் எளிய ஓட்டம். நிலையத்திலிருந்து ஊருக்குள் ஏறி, ஓல்ட் நாக்ஸ் ஹெட் மதுவிடுதிக்கு எதிரே பென்னைன் நெடும்பாதையில் நுழைந்து, வயல்களின் குறுக்கே மேல் பூத் வரை சென்று, பார்பர் பூத் வழியாகத் திரும்பலாம். 1965இல் திறக்கப்பட்டு ஸ்காட்லாந்தின் கர்க் யெட்ஹோம் வரை 268 மைல் நீளும் அந்த நெடும்பாதையின் முதல் சில மைல்கள் இவை. வரைபடத்தில் பச்சை வைரக் குறிகள் அதை அடையாளம் காட்டுகின்றன. வயல் எல்லைகள் மெல்லிய கறுப்புக் கோடுகளாக ஒன்றுவிடாமல் காட்டப்பட்டிருப்பதன் அருமை இங்குதான் புரியும். பாதை கற்சுவருக்கு இடப்புறமா வலப்புறமா என்பது நடப்பவருக்குச் சிறு செய்தி. வேகத்தில் தவறான பக்கம் இறங்கிவிட்ட ஓட்டக்காரருக்கோ, அடுத்த வாயில் வரை வந்த வழியே திரும்ப வேண்டிய தண்டனை. 1:50,000 அளவிலான வரைபடத்தில் இந்தச் சுவர்கள் இருப்பதில்லை. வாயில்களைத் திறந்தால் மூடிவிட்டுத்தான் ஓட வேண்டும் என்பதால் இந்த வழியில் நேரக் கணக்கை மறந்துவிடுவது நல்லது. குட்டி ஈனும் வசந்தத்தில் ஆடுகளைக் கண்டால் நான் நடைக்கு மாறிவிடுவேன்.

இரண்டாம் வழி முகட்டுக்கு ஏறுவது. ஊரின் தெற்கே ஹாலின்ஸ் கிராஸ் என்னும் கணவாய்க்கு ஏறி, அங்கிருந்து மேற்கே 517 மீட்டர் உயரமுள்ள மாம் டோர் உச்சிக்குச் சென்று, மாம் நிக் பிளவு வழியாகப் பார்பர் பூத்துக்கு இறங்கினால் மொத்தம் ஒன்பது கிலோமீட்டருக்குள் அடங்கும். எடேலுக்கெனத் தேவாலயம் அமையாத காலத்தில், இறந்தவர்களை ஊரார் இந்தக் கணவாய் வழியாகத்தான் காசில்டனுக்குச் சுமந்து சென்று அடக்கம் செய்தார்கள். வெறுங்கையோடு ஏறும்போதே தொடை எரியும் ஏற்றம் இது. மலைப்பகுதிகளில் சமவுயரக் கோடுகள் 10 மீட்டர் இடைவெளியில் வரையப்பட்டிருப்பதால், கோடுகள் நெருங்கும் இடத்தை முன்கூட்டியே பார்த்து எங்கே ஓட்டத்தை விட்டு நடக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்ளலாம். வரைபடம் இந்த வழியில் எனக்குச் செய்யும் பெரிய உதவி அதுவே. முகட்டில் ஏறிய பிறகு கற்பலகை பதித்த பாதை கண்ணெதிரே கிடக்கிறது, வரைபடம் பைக்குள் போய்விடலாம். காசில்டன் பக்கம் எட்டிப் பார்த்தால், ஓயாமல் சரியும் மலையோடு போராடி முடியாமல் 1979இல் மூடப்பட்ட பழைய சாலை தெரியும். உச்சியில் நிற்கும் வெண்ணிறத் தூண் வரைபட நிறுவனமே நட்டது. 1936இல் தொடங்கிய மறு அளவீட்டுக்காக நாடெங்கும் எழுப்பப்பட்ட தூண்களில் அதுவும் ஒன்று. தாளில் சிறு நீல முக்கோணமாக இருந்ததை நேரில் கையால் தொட்டுவிட்டுத் திரும்புவது என் வழக்கமாகிவிட்டது.

வரைபடம் தன் விலைக்கு ஈடு செய்வது மூன்றாம் வழியில். மேல் பூத்தைத் தாண்டி ஜேக்கப்ஸ் லேடர் ஏறி, கிண்டர் பீடபூமியின் தென்விளிம்பை ஒட்டிக் கிழக்கே ஓடி, கிரைண்ட்ஸ்லோ நோல் வழியாக ஊருக்கு இறங்கும் இந்தச் சுற்று சுமார் 14 கி.மீ. ஜேக்கப்ஸ் லேடரில் செங்குத்தான கற்படிகளும் அருகிலேயே வளைந்து ஏறும் பழைய சுமைக்குதிரைத் தடமும் உள்ளன. 18ஆம் நூற்றாண்டில் அங்கே பண்ணை வைத்திருந்த ஜேக்கப் மார்ஷல், குதிரையை வளைவில் விட்டுவிட்டுத் தாம் நேரே ஏறுவதற்காகப் படி வெட்டினார் என்பார்கள். ஓடுபவர் குதிரையைப் பின்பற்றுவதே மேல்.

மேலே ஏறியதும் தாளின் நிறம் மாறுகிறது. பீடபூமி முழுவதும் இளமஞ்சள் பூசப்பட்டிருக்கும். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதையைவிட்டு விலகியும் காலாற அலைய உரிமையுள்ள நிலம் என்று அதற்குப் பொருள். இந்த மஞ்சளுக்கு முன்கதை உண்டு. 1932 ஏப்ரல் 24 அன்று, வேட்டைக்காக அடைத்துவைக்கப்பட்டிருந்த இதே கிண்டர் மலைக்குள் பென்னி ராத்மன் தலைமையில் தொழிலாளர் கூட்டம் ஒன்று மேற்கே ஹேஃபீல்டிலிருந்து அத்துமீறி நுழைந்தது; ஐவர் சிறை சென்றனர். அன்று குற்றமாக இருந்த அடிவைப்பு இன்று ஒரு வண்ணப் பூச்சாகத் தாளில் இருக்கிறது.

ஆனால் மஞ்சள் நிறம் உரிமையைத்தான் சொல்லும், தரையைச் சொல்லாது. பீடபூமியின் உட்புறம் கரிச்சேறு, அதாவது மக்கிய தாவரங்கள் சேர்ந்து உண்டான கரிய சதுப்பு. ஆள் உயரத்துக்கு அரித்த பள்ளங்களுக்குள் இறங்கிவிட்டால் திசை தெரியாது. 636 மீட்டர் உயரமான அதன் உச்சிப் புள்ளியே சுற்றியுள்ள சேற்றிலிருந்து வேறுபட்டுத் தெரியாத இடம். சென்ற நவம்பரில் உல் பேக்ஸ் பாறைகளின் நடுவே மேகம் கவிந்து பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் போனது. நனைந்த விரலுக்குக் கைப்பேசித் திரை அசையவில்லை; சற்று நேரத்தில் குளிரில் அதுவும் அணைந்துவிட்டது. பாறைக் கூட்டங்களின் பெயர்கள் தாளில் வரிசையாக அச்சிடப்பட்டிருந்ததால், திசைகாட்டியைக் கிழக்கே வைத்து, சரிவு வலப்புறம் இருக்கும்படி விளிம்போடு ஒட்டி, ஒவ்வொரு பாறையாக எண்ணிக்கொண்டு நடந்தேன். கிரைண்ட்ஸ்லோ நோலில் மேகத்துக்குக் கீழே வந்தபோது முதலில் கண்ணில் பட்டது இரயில் தடம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முழுவதும் விரித்தால் சாப்பாட்டு மேசையையே மூடிவிடும் தாள் இது. காற்றடிக்கும் முகட்டில் விரிப்பது பாய்மரம் பிடிப்பது போலத்தான். எடேல் மட்டும் மேலே தெரியும்படி வீட்டிலேயே மடித்து, ஒளி ஊடுருவும் உறையில் இட்டு, இடுப்புப் பையில் செருகிக்கொள்வதே வழி. பச்சைக் கோடு இருக்கும் இடத்தில் கணுக்கால் வரை சேறு இருக்கலாம், தடமே தென்படாமலும் இருக்கலாம். அதை எந்த வரைபடத்திடமும் எதிர்பார்க்க முடியாது. தாளோடு கைப்பேசிக்கான பதிவிறக்கக் குறியீடும் தருகிறார்கள். நான் அதை இரயிலில் வழி திட்டமிட மட்டும் பயன்படுத்துகிறேன்.

எடேலுக்கு ஒரே ஒருமுறை போய், முகட்டில் மட்டும் ஓடித் திரும்புபவருக்கு இது தேவையில்லை, வழிப்பலகைகளே போதும். கிண்டருக்கு ஏறுபவர் வாங்கத்தான் வேண்டும், ஈரம் புகாத பூச்சுடைய பதிப்பாக வாங்குவது நல்லது. என் சாதாரணப் பிரதியில், ஒரே இடத்தில் மடித்து மடித்து, மேல் பூத்துக்கும் ஜேக்கப்ஸ் லேடருக்கும் இடையே இப்போது ஒரு விரல் நுழையும் ஓட்டை.