ரைசன் 5 1600 ஓவர்க்ளாக் ரிவ்யூ: வோல்ட் ஏத்த ஏத்த சீக்கிரமா க்ராஷ் ஆகுதுன்னா சிப்ப சந்தேகப்படாதீங்க

ஏஎம்டி ரைசன் 5 1600, 2017 ஏப்ரல்ல வந்த கம்ப்யூட்டர் ப்ராசஸர் சிப். 6 கோர், 12 த்ரெட், 65 வாட். எல்லா கோரும் ஒண்ணா ஓடும்போது 3.4 கிகாஹெர்ட்ஸ் போகும். வேகத்த தீர்மானிக்கிற மல்டிப்ளையருக்கு பூட்டே கிடையாது, ஒரு பி350 மதர்போர்டு இருந்தா போதும் ஓவர்க்ளாக் பண்ணிக்கலாம், அதாவது கம்பெனி வெச்ச வேகத்துக்கு மேல ஓட்டிக்கலாம். நான் கல்யாண வீடியோ எடிட் பண்றவன், ராத்திரி ரெண்டர் போட்டுட்டு படுத்துடுவேன், காலைல எந்திரிச்சா ஃபைல் முழுசா இருக்கணும், அவ்ளோதான் நான் கேக்குறது. இது சிப்போட ரிவ்யூ தான், ஆனா பாதிக்கு மேல அதுக்கு கரண்ட் குடுக்குற போர்ட பத்தி தான் வரும், ஏன்னா என்னோட மூணு வாரம் அங்கதான் போச்சு.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். கூடவே வர்ற ரெய்த் ஸ்பயர் கூலர மாட்டி, 1.3 வோல்ட்ல 3.8 கிகாஹெர்ட்ஸ் வெச்சேன். சிப்புக்கு முழு லோடு குடுத்து சோதிக்கிற ப்ரைம்95 சாஃப்ட்வேர ஒரு நாள் முழுக்க ஓட்டியும் ஒரு எரர் வரல. ஒரு மணி நேர ரெண்டர்ல கிட்டத்தட்ட 6 நிமிஷம் மிச்சம், தனியா ஒரு பைசா செலவில்லாம. இந்த வெலைல இப்படி ஒரு சிப் அதுக்கு முன்னாடி எனக்கு கெடச்சதே இல்ல, மனசார சொல்றேன்.

அப்புறம் 4.0 போலாம்னு ஆச வந்துச்சு. 120 மில்லிமீட்டர் ஃபேன் வெச்ச டவர் கூலர் ஒண்ணு வாங்கி மாட்டினேன், அதே 3.8ல சிப் சூடு 80லேர்ந்து 66க்கு எறங்குச்சு, சரி இனிமே தாராளமா வோல்ட் குடுக்கலாம்னு நெனச்சேன். 4.0க்கு 1.35 வெச்சேன், 40 நிமிஷத்துல ப்ளூ ஸ்க்ரீன். 1.38 வெச்சேன், 25 நிமிஷம். 1.4 வெச்சா 15 நிமிஷத்துல ஸ்க்ரீன் கறுப்பாகி தானா ரீஸ்டார்ட். 1.425ல பத்து நிமிஷம் கூட தாங்கல.

இங்கதான் நான் நின்னு யோசிச்சிருக்கணும். வோல்ட் பத்தாததுதான் பிரச்சனன்னா, ஏத்த ஏத்த க்ராஷ் ஆகுற நேரம் தள்ளிப் போகணும். கிட்ட வருதுன்னா வோல்ட்டே வெனையாகுதுன்னு அர்த்தம், அதாவது சூடு எங்கயோ எகிறுது இல்ல கரண்ட் குடுக்குற எடம் தெணறுது. அது புரியாம ரேம் மேல சந்தேகப்பட்டு ரேம வேகமா ஓட்டுற எக்ஸ்.எம்.பி செட்டிங்க ஆஃப் பண்ணி ரேம் வேகத்த 2133க்கு எறக்கிப் பாத்தேன், அதே க்ராஷ். ஆனா இந்த வேலைய யாரும் விட்றாதீங்க, மொத தலமுற ரைசன்ல ரேம் கன்ட்ரோலர் கொஞ்சம் முரண்டு பண்ணும், அத ஒதுக்கிட்டு பாத்தா தான் மத்தது தெளிவா தெரியும்.

அடுத்து வோல்ட், சூடு எல்லாம் காட்டுற ஹெச்டபிள்யூ இன்ஃபோ சாஃப்ட்வேர தொறந்து வெச்சு லோடு குடுத்தேன். பயாஸ்ல, அதாவது போர்டோட செட்டிங் மெனுல, வெச்சது 1.4, சிப்புக்கு நெஜமா போய் சேர்றது 1.34. லோடு ஏறும்போது வோல்ட் இப்படி தொய்யும், அத தூக்கிப் பிடிக்கத்தான் பயாஸ்ல எல்.எல்.சின்னு ஒரு செட்டிங் இருக்கு. அத ரெண்டு படி ஏத்தினேன், தொய்வு கொறஞ்சுச்சு, ஆனா க்ராஷ் இன்னும் சீக்கிரம் வந்துச்சு. (எல்.எல்.சிய உச்சத்துல மட்டும் வெக்காதீங்க, லோடு சட்டுனு விடும்போது வோல்ட் நாம வெச்சதுக்கு மேல ஒரு எகிறு எகிறும், அது சிப்புக்கு நல்லதில்ல.) அப்போதான் இன்னொண்ண கவனிச்சேன், க்ராஷ் ஆகுறதுக்கு கொஞ்சம் முன்னாடி எல்லா கோரும் 550 மெகாஹெர்ட்ஸுக்கு விழுந்து திரும்ப ஏறுது, சிப் சூடு வெறும் 74. சிப் சூடாகல, ஆனா யாரோ ப்ரேக் போடுறாங்க.

கீழ் வீட்டு ஏசி மெக்கானிக் அண்ணன்கிட்ட வெப்பம் பாக்குற கன் ஒண்ணு இருக்கும், அத வாங்கிட்டு வந்து சிவப்பு புள்ளிய சாக்கெட்டுக்கு எடது பக்கம் வரிசையா இருக்குற சின்ன கறுப்பு சில்லுங்க மேல பிடிச்சேன். 96, 104, 111, 118. போர்டுலேர்ந்து சூடான ஃபைபர் வாசன வேற. அதுதான் வி.ஆர்.எம், எஸ்.எம்.பி.எஸ்லேர்ந்து, அதாவது பவர் சப்ளை பொட்டிலேர்ந்து, வர்ற 12 வோல்ட்ட சிப்புக்கு வேணும்கிற ஒண்ணேகால் ஒண்ணர வோல்ட்டா மாத்திக் குடுக்குற எடம். என் போர்டுல கோருக்கு, கரண்ட் வேலைய பங்கு போட்டுக்குற ஃபேஸ் நாலே நாலு, மேல சூட்ட இழுக்குற ஹீட்சிங்க் கூட கிடையாது. கம்பெனி பேர் வேணாம், அந்த வெலைல நெறைய போர்டு இப்படித்தான் வந்துச்சு.

பழைய கூலர்ல ஏன் இது வரலன்னு கேட்டா, ரெய்த் ஸ்பயர் காத்த கீழ்ப்பக்கமா போர்டு மேல அடிக்கும், அந்தக் காத்து வி.ஆர்.எம் மேலயும் பட்டுட்டே இருந்துச்சு. டவர் கூலர் காத்த பக்கவாட்டுல தள்ளிடும், அங்க ஒரு சொட்டு காத்து கெடையாது. சிப்ப குளிர வெச்சு வி.ஆர்.எம்ம வறுத்துட்டு இருந்திருக்கேன். கணக்கும் அப்படித்தான், சிப் இழுக்குற பவர் வோல்ட்டோட வர்க்கத்துல ஏறும், வேகத்தோட நேரா ஏறும். 1.3ல 3.8லேர்ந்து 1.425ல 4.0 போனா பவர் சுமார் 26% கூடுது, கெடைக்கிற வேகம் வெறும் 5%, அதாவது ஒரு மணி நேர ரெண்டர்ல 3 நிமிஷம்.

பழைய எஸ்.எம்.பி.எஸ்லேர்ந்து கழட்டின 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒண்ண கேபிள் டைல கட்டி அந்த வரிசைக்கு நேரா தொங்க விட்டேன். 118 காட்டின எடம் 84க்கு வந்துடுச்சு. அதே சிப், அதே போர்டு, 3.9ஐ 1.3625 வோல்ட்ல ராத்திரி முழுக்க தாங்குச்சு. 1.4ல 4.0 கூட ஒரு மணி நேரம் ஓடுச்சு, ஆனா அத நான் வெச்சுக்கல. தெனமும் ஓட்டுறதுக்கு 1.35 வரைக்கும் சரி, 1.45 வரைக்கும் போலாம் ஆனா ஆயுசு கொறயலாம்னு ஏஎம்டியே அப்போ சொல்லிருந்தாங்க, சோறு போடுற மெஷின்ல நான் அந்த ரிஸ்க் எடுக்க மாட்டேன்.

செகண்ட் ஹேண்ட்ல இந்த சிப் கெடச்சா யோசிக்காம வாங்குங்க, ஆனா கூட குடுக்குற போர்ட கையில எடுத்து சாக்கெட் பக்கத்துல ஹீட்சிங்க் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா 3.8 போதும்னு வெச்சுக்கோங்க இல்ல ஒரு ஃபேனுக்கு எடம் பாத்து வெய்ங்க. நான் இப்போ 3.85ல 1.3375 வெச்சு ஓட்டுறேன். இதெல்லாம் ஜனவரி ராத்திரி, ரூம் 26 டிகிரி இருக்கும்போது எடுத்த நம்பர், மே மாச மத்தியானத்துல ரூம் 36 தொடும், வி.ஆர்.எம்மும் அந்த 10 டிகிரிய அப்படியே வாங்கிக்கும். அப்போ அண்ணன்கிட்ட திரும்ப கன் வாங்கி ஒரு தடவ பாத்துட்டு இங்கயே அப்டேட் போடுறேன்.