எந்தச் சங்கடம்? மூன்றாம் வகுப்பில் ஒரு வருஷம் ஓடிய பெட்டி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, வேலந்தாவளம் செக்போஸ்டுக்குக் கேரளப் பக்கம். அங்கே தமிழ் மீடியம் எல்.பி. ஸ்கூல் (தொடக்கப்பள்ளி) ஒன்றில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 19 பிள்ளைகள். 2025 ஜூனில் பள்ளி திறந்த கையோடு பி.டி.ஏ. பணம் 3,400 ரூபாய் கொடுத்து உணர்ச்சிகளையும் நல்ல பழக்கத்தையும் சொல்லிக்கொடுக்கும் இந்தப் பாடப் பெட்டியை வாங்கினோம். பிள்ளைகள் அடிதடியில்லாமல் பழகுவார்கள், மனதில் இருப்பதைச் சொல்லப் பழகுவார்கள் என்று விளம்பரம். குறைகளும் சொல்லப்போவதால் கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன்.

முதல் கோளாறு பெட்டியைத் திறந்ததுமே. ஆர்டரில் தமிழ் என்று தெளிவாகப் போட்டிருந்தும் 678 என்று தொடங்கும் பின்கோடைப் பார்த்து மலையாள அட்டைகளை அனுப்பிவிட்டார்கள். போன் செய்தால், "கேரளா அட்ரஸ்தானே மேடம்?" என்று என்னையே கேட்கிறார் அந்தத் தம்பி. மூன்று வாரம் கழித்துத் தமிழ் அட்டைகள் வந்தன. மலையாள செட்டைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டார்கள். அது எங்கள் அதிர்ஷ்டம், பிறகு சொல்கிறேன்.

உள்ளே 48 பட அட்டைகள், ஒரு நிறச் சார்ட், மணல் கடிகாரம், கிளி கைப்பொம்மை, பேச்சுக்கோல், ஆசிரியர் கையேடு. நிறச் சார்ட் அமெரிக்காவில் லியா கைப்பர்ஸ் என்பவர் உருவாக்கிய முறை: நீலம் சோர்வு, பச்சை நிதானம், மஞ்சள் படபடப்பு, சிவப்பு என்றால் கைமீறிய கோபம். பிள்ளைகள் காலையில் தங்கள் நிறத்தில் பெயரை ஒட்ட வேண்டும். நன்றாகத்தான் போனது, பஞ்சாயத்து எலக்‌ஷன் வரும்வரை. ஒரு பையன் எழுந்து, "எங்கப்பா எப்பவுமே சிவப்புதான் டீச்சர்" என்றான். எனக்குப் பகீரென்றது. வீட்டில் என்ன நடக்கிறதோ என்று மெதுவாக விசாரித்தால், "பெரியப்பாவும் சிவப்புதான். கொடியெல்லாம் எங்க வீட்லதான் கட்டி வெச்சிருக்காங்க" என்கிறான். எலக்‌ஷன் முடியும்வரை சார்ட்டைச் சுருட்டி பீரோ மேல் வைத்துவிட்டேன்.

அட்டைகளில் இருக்கும் தமிழ்தான் எனக்குப் பெரிய மனத்தாங்கல். "நான் ஏமாற்றமாக உணர்கிறேன்." யார் வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்? பிள்ளைகள் அதை நாடக வசனம் மாதிரி நெஞ்சில் கைவைத்துச் சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் பிள்ளைகள் வீட்டில் கொங்குத் தமிழ், கடைத்தெருவில் மலையாளம். கோபம் வந்தால் ஒருத்தன் கடுப்பு என்பான், இன்னொருத்தன் தேஷ்யம் என்பான்.

தினமும் காலையில் வட்டமாக உட்காருவோம், பேச்சுக்கோல் யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம். ஒருநாள் அந்தக் காலை வட்டத்தில் ஒரு பெண்பிள்ளை கோலைக் கையில் வைத்துக்கொண்டு, "சங்கடமா இருக்கு டீச்சர்" என்றாள். எல்லார் முன்னாலும் பேசக் கூச்சம் போல என்று நினைத்துக் கோலை அடுத்த பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னேன். மதியம் சோறு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கேட்டால், அவள் வளர்த்த ஆட்டுக்குட்டியை முந்தின நாள் சந்தைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மலையாளத்தில் சங்கடம் என்றால் துக்கம். பதினோரு வருஷம் இங்கே வேலை பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. இப்போதெல்லாம், "எந்தச் சங்கடம் சாமி, அந்தப் பக்கத்ததா இந்தப் பக்கத்ததா?" என்று கேட்டுவிடுகிறேன்.

அப்புறம் இரண்டு செட் அட்டைகளையும் கலந்து போட்டு, பின்பக்கத்தில் பிள்ளைகளின் சொற்களையே எழுத வைத்தேன். கடுப்பு, ரோசம், "என்னமோ மாதிரி" எல்லாம் வந்தன. ஒரு பையன் பாட்டி சொல்லும் வெசனத்தை, அதாவது கவலையை, கொண்டுவந்தான். மலையாளத்தில் அது வ்யசனம், அதனால் இரண்டு பக்கமும் செல்லும். அன்றிலிருந்துதான் அட்டைகளுக்கு உயிர் வந்தது.

முறை காத்தல் அட்டையில் பார்க் சறுக்குமரத்துக்குப் பிள்ளைகள் வரிசை நிற்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வரிசை என்றால் தண்ணி லாரி. அங்கே குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதே கணக்கில் ஒருத்தன் கைகழுவும் வரிசையில் தட்டை வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டான். இது சரியா என்று இருபது நிமிஷம் வழக்கு நடந்தது. தட்டு நிற்கலாம், ஆனால் ஆள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று தீர்ப்பு. கையேட்டில் இதற்கெல்லாம் பக்கம் கிடையாது.

அணி விளையாட்டு ஒன்றும் உண்டு. 1969இல் கான்சாஸில் ஒரு நான்காம் வகுப்பில் செய்து பார்த்து எழுதியது: வகுப்பை இரண்டாகப் பிரித்து, விதி மீறினால் போர்டில் அந்த அணிக்கு ஒரு கோடு. கோடு குறைந்த அணி ஜெயிக்கும். முட்டை போடும் நாளில் ஆரம்பித்தேன், தப்பான நாள். ஒரே பையனால் நாலு கோடு விழ, அவன் அணியே அவனை முறைத்தது. இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டேன். மூலத்தில் இரண்டு அணியுமே கோடுகளைக் குறைவாக வைத்திருந்தால் இரண்டுமே ஜெயிக்கலாம். கையேடு அந்த முக்கியமான வரியை விட்டுவிட்டது. அதைச் சேர்த்த பிறகு ஓடுகிறது.

மொத்தப் பெட்டியிலும் காசுக்கு ஈடானது காலை வட்டம், பத்தே நிமிஷம். கோல் வைத்திருப்பவர் பேச, மற்றவர்கள் கேட்க வேண்டும். பேசப் பிடிக்காதவர் கோலைத் தாண்டிவிடலாம். ஒரு பையன் ஓணம் லீவு வரை தினமும் தாண்டினான். லீவு முடிந்து வந்த முதல் நாள், "எங்க மாமா வந்தாங்க" என்றான், அவ்வளவுதான். வகுப்பே கைதட்டியது, நான் சொல்லவில்லை. 2025இல் ஒரு மலையாளப் படம் கிளப்பிய, கடைசி பெஞ்சே வேண்டாம் என்ற பேச்சில் சில ஸ்கூல்களில் பெஞ்சை ப வடிவில் போட்டார்கள். எங்கள் அறையில் அதற்கும் இடமில்லை, வராந்தாவில்தான் உட்காருகிறோம்.

மணல் கடிகாரம் முதல் வாரமே ஒழுகிவிட்டது. கிளிக்கு இரண்டு தடவை தையல் போட்டாயிற்று. ஆன்லைன் பயிற்சி இரண்டு மணி நேரம், அதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

ஐந்துக்கு மூன்று. பேச்சுக்கோலுக்காக மட்டும் வாங்குவதென்றால் வேண்டாம், ஒரு தென்னை ஈர்க்குக் கட்டு போதும். நாலாம் வகுப்புக்கும் ஒன்று வாங்கலாமா என்று எச்.எம். கேட்டார், அட்டைகள் மட்டும் தனியாகத் தந்தால் வாங்கலாம் என்றேன், தரமாட்டார்களாம். பக்கத்து மலையாளம் மீடியம் டீச்சர், சும்மா கிடக்கிறதுதானே என்று அந்த மலையாள செட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கொடுப்பதாக இல்லை.