கோழிக்குஞ்சுக்குச் சொட்டு மருந்தா, சும்மா விடுவதா?

சுங்கை சிப்புட் பக்கம் லயத்து வீட்டுப் பின்னால் பத்துக் கம்பத்துக் கோழி வைத்திருப்பவருக்கு இந்தக் குழப்பம் நியாயமானதுதான்.

சும்மா விட்டால் செலவில்லை, சரி. ஆனால் வெள்ளைக்கழிச்சல் என்ற கோழித் தொற்றுநோய் வந்துவிட்டால் வைத்தியமே கிடையாது. பச்சையாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு, ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடும். நோய் உள்ளே வர சந்தையில் வாங்கிய ஒரு சேவல் போதும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுப்பார்கள். என் பாட்டியும் கொடுத்தார், ஒன்றும் பிழைக்கவில்லை.

நோய் வராமல் தடுக்கும் சொட்டு மருந்து என்றால் முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, மூன்று நான்கு வாரத்தில் இன்னொன்று, அப்புறம் சில மாதத்துக்கு ஒருமுறை. தொல்லை குப்பியில்தான். ஒரு குப்பி நூற்றுக்கணக்கான கோழிக்கு உள்ளது. கலக்கினால் ஓரிரு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்காவிட்டால் வெறும் தண்ணீர். வெப்பம் தாங்கும் வி4 என்ற தடுப்பு மருந்தைத் தீனியில் கலந்து கொடுக்கும் முறையை 1980களில் ஆராய்ந்தது நம் மலேசிய வேளாண் பல்கலைக்கழகம்தான். காரணமும் இதே கம்பத்துக் கோழிதான்.

நான் போடும் பக்கம். நாலு வீடு சேர்ந்து, ஐஸ் பெட்டியோடு போய், ஒரே காலையில் ஒரு குப்பியை உடைத்தால் கணக்குச் சரியாக வரும்.