கிரேடிங் செய்த நோட்டுகளோடு இத்தனை வருஷம்: லேபிள் சொல்லாமல் விடும் விஷயம்

அப்பா சேர்த்து வைத்த பழைய ரூபாய் நோட்டுகளை கிரேடிங்குக்கு அனுப்பலாமா, அதாவது ஒரு நிறுவனத்திடம் கொடுத்து அசலா என்று சோதித்து, தரத்துக்கு மதிப்பெண் போட்டு வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். நானே பல வருஷமாக ஸ்லாப் நோட்டு (மதிப்பெண் லேபிளோடு பிளாஸ்டிக் உறையில் மூடி வருவது) வாங்குகிறவன், ஏஜென்ட் மூலம் அனுப்புகிறவன் என்பதால் அவருக்கு ஆச்சரியம். போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன். மதிப்பெண்ணுக்கு எழுபது புள்ளி அளவுகோல், 65-லிருந்து ‘ஜெம்’ என்ற உயர்தரம், ஒரு மடிப்பு விழுந்தால் அறுபதுக்குக் கீழே என்பதெல்லாம் சேகரிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். அதற்குள் போகவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹோல்டர், அதாவது அந்த பிளாஸ்டிக் உறை, அருமை. சென்னையில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. மலிவான பிவிசி ஆல்பத்தில் வைத்த நோட்டுகள் பழுத்து, கவரோடு ஒட்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஹோல்டரில் இருப்பவற்றில் ஒன்றில்கூட கறை ஏறவில்லை. போலி பயமும் போய்விட்டது. தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட ஆயிரம் ரூபாய் நோட்டு 1978 ஜனவரியில் செல்லாததாக்கப்பட்டது. மிஞ்சியவை கொஞ்சம், விலை அதிகம். அப்படிப்பட்ட நோட்டை சான்றிதழ் இல்லாமல் வாங்க இன்று எனக்கே மனம் வராது.

ஸ்டேப்ளர் பின் குத்திய ஓட்டை விஷயத்திலும் கிரேடிங் நிறுவனங்களுக்கு நம் ஊர் நிலவரம் புரிந்திருக்கிறது. அந்தக் காலத்தில் நூறு நோட்டுக் கட்டில் தடியான பின் அடித்துத்தான் வங்கியிலிருந்து வெளியே வரும். கட்டுகளுக்குப் பின் அடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2001-ல் உத்தரவு போட்டது. அதற்கு முந்தைய நோட்டு யார் கையும் படாத புத்தம் புதிதாக இருந்தாலும் இடது பக்கம் பெரும்பாலும் ஓட்டை இருக்கும். அதைச் சேதமாக எண்ணாமல், வெளியீட்டிலேயே வந்த ஓட்டை என்று லேபிளில் தனியாகக் குறிப்பிடுகிறார்கள். இன்னொரு சம்பவம். நான் அனுப்பிய ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றில், எனக்கு முன்னால் யாரோ காகித நார் வைத்து ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். லென்ஸ் வைத்துத் தேடினாலும் லேசில் அகப்படாத அந்த வேலையைக் கண்டுபிடித்து லேபிளில் எழுதி அனுப்பினார்கள். புள்ளி குறைந்தது. ஆனாலும் அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இவ்வளவு நுணுக்கமான கண் உள்ளவர்கள் பிரஸ் செய்த நோட்டை, அதாவது மடிப்பு தெரியாதபடி இஸ்திரி போட்டு அழுத்திய நோட்டை, எப்படி விடுகிறார்கள்? என் கோபம் முழுக்க இதில்தான்.

1969 காந்தி நூற்றாண்டு வரிசையில் நூறு ரூபாய் நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். அதார்க்கர் கையெழுத்து. அவர் 1970-ல் ஒன்றரை மாதம்கூட ரிசர்வ் வங்கி கவர்னராக இல்லை, அதனால் அந்தக் கையெழுத்துக்குத் தனி மவுசு. லேபிளில் 64, அதாவது மடிப்பே இல்லாத நோட்டு. அந்த எண்ணை நம்பித்தான் அந்த விலை கொடுத்தேன். சில மழைக்காலம் போன பிறகு ஒருநாள் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால், நட்டநடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. மடிப்பில் உடைந்த காகித நார்களை இஸ்திரி போட்டு அமுக்கி வைக்கலாம், ஒட்ட வைக்க முடியாது. நாள் போகப் போக அந்த மடிப்பு திரும்பத் தலைகாட்டுகிறது. கிரேடிங் செய்த நிறுவனத்துக்குப் படங்களோடு எழுதினேன். மதிப்பெண் என்பது நிபுணர்களின் கருத்து என்று பதில் வந்தது.

அவர்கள் வேலை கஷ்டமானது, ஒத்துக்கொள்கிறேன். நோட்டைத் துவைத்திருந்தால் புற ஊதா விளக்கில் பல சமயம் காட்டிக் கொடுக்கும். பருத்திக் காகிதம் அந்த ஒளியில் மங்கலாகத்தான் இருக்கும், சோப்புத்தூளில் உள்ள வெண்மையூட்டி பட்டிருந்தால் பளிச்சென்று நீலமாக ஒளிரும். பிரஸ் செய்ததற்கு அப்படி ஒரு சுலபமான சோதனை கிடையாது. மேடாக நிற்கும் மை தட்டையாகிவிட்டதா, காகிதத்தின் மொடமொடப்பு போய்விட்டதா என்று விரல் பழக்கத்தில்தான் தெரிய வேண்டும். ஆனால் அந்த விரல் பழக்கத்துக்குத்தானே காசு கொடுக்கிறோம்? துவைப்பதும் பிரஸ் செய்வதும் நோட்டின் தரத்தையும் விலையையும் குறைக்கும் என்று சர்வதேச நோட்டு சேகரிப்பாளர் சங்கமான ஐபிஎன்எஸ் தன் தர விதிகளில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. சந்தையில் நடப்பதோ நேர்மாறு. பிரஸ் செய்தால் 55 போக வேண்டியது 64 ஆகிறது, விலை எங்கேயோ போகிறது. பிரஸ் செய்பவர், அனுப்பி வைப்பவர், விற்பவர் மூவரும் பல நேரம் ஒரே ஆள்.

காகிதத்தின் அசல் தன்மைக்கு லேபிளில் தனிக் குறியீடு உண்டே என்பீர்கள். பிஎம்ஜி என்ற கிரேடிங் நிறுவனத்தில் அது இபிக்யூ. 65-ம் அதற்கு மேலும் கிடைக்க இபிக்யூ கட்டாயம் என்று அவர்கள் வைத்திருப்பது நல்ல விதி. ஆனால் 64-லும் அதற்குக் கீழேயும் குறியீடு இல்லாத நோட்டுகள் ஏராளம். காரணம் பழைய கறையா, பசைத் தடமா, பிரஸ் செய்ததா? குறிப்பு எதுவும் இல்லாமல் வெறும் எண் மட்டும் நிற்கும்போது வாங்குகிறவன் எதை வைத்துத் தெரிந்துகொள்வது? பின் ஓட்டைக்கு ஒரு வரி எழுத இடம் இருக்கிற லேபிளில், அழுத்தப்பட்ட தடயம் உண்டு என்று எழுத இடம் இல்லையா?

இன்னொன்றும் கேட்கிறேன். நாணயத்துக்கு வரிசை எண் கிடையாது. நோட்டுக்கு உண்டு, லேபிளிலும் அச்சிடுகிறார்கள். ஒரே நோட்டை ஹோல்டரிலிருந்து வெட்டி எடுத்து, பிரஸ் செய்து, மறுபடி அனுப்பினால் அந்த எண்ணை வைத்தே பிடித்துவிடலாம். போன தடவை 58, இந்தத் தடவை 64 என்று பழைய மதிப்பெண்ணையும் சேர்த்துப் பொதுவில் காட்டலாம். காட்டினால் இந்த வியாபாரம் பாதி அடங்கிவிடும். மறுபடி அனுப்புகிறவர் மறுபடி கட்டணம் கட்டுகிறார். அந்தக் கட்டணத்தை வாங்குகிற இடமே இந்த விவரத்தையும் வெளியிட வேண்டும் என்பதுதான் சிக்கல்.

ஹோல்டருக்கும் போலி சோதனைக்கும் முழு மதிப்பெண் தருகிறேன். இருந்தும் இன்றைய மனநிலையில் என் தீர்ப்பு, அனுப்பாதீர்கள் என்பதே. பெரிய கோயில் ஆயிரம் மாதிரி போலி பயம் உள்ள ஒன்றிரண்டுக்கு மட்டும் விதிவிலக்கு. மற்றதையெல்லாம் மைலார் என்ற நல்ல பாலியெஸ்டர் கவரில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வையுங்கள். 60-க்கு மேல் எண் போட்ட நோட்டை வாங்கப் போனால், லேபிளைப் பார்க்கும் முன் விளக்கை அணைக்கச் சொல்லி, டார்ச்சை நோட்டின் ஓரத்தில் படுக்கையாகப் பிடித்து, இரண்டு பக்கமும் பாருங்கள். கடைக்காரர் அதற்கு மறுத்தால் வாங்காதீர்கள்.