வீட்டைப் பிள்ளைக்குக் கொடுப்பது: நன்கொடை உறுதியா, மரண சாதனமா?

யாழ்ப்பாணத்தில் வீட்டை மகளுக்குக் கொடுக்க நினைக்கும் பெற்றோர் நொத்தாரிசிடம் முதலில் கேட்பது இதைத்தான்.

நன்கொடை உறுதி எழுதினால் உரிமை இப்போதே மாறிவிடும். ஆனால் வீட்டைப் பெறுபவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். மகள் கனடாவில் இருந்தால் அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்பட எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) கொடுத்து இங்குள்ள ஒருவர் மூலம் ஏற்கலாம். முத்திரை வரி கையைக் கடிக்கும். பெரிய பயம் வேறு: எழுதிக் கொடுத்தபின் பிள்ளை திரும்பிப் பார்க்காவிட்டால்? அதற்குத்தான் சீவிய உருத்து. தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமை அவர்களிடமே இருக்கும். இதை வைக்காமல் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிறகு மனம் மாறினால் இலகுவில் ரத்துச் செய்ய முடியாது. மோசமான நன்றிகேட்டைக் காட்டி ரத்துக் கேட்க 2017இன் 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் நீதிமன்றம் ஏற வேண்டும்.

மரண சாதனத்தை, அதாவது இறந்தபின் சொத்து யாருக்கு என்று எழுதிவைக்கும் உயிலை, எப்போதும் மாற்றலாம். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் போதும். அலைச்சல் பிள்ளைகளுக்குத்தான்: மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைத்து அதை நிரூபிக்க வேண்டும், சகோதரங்கள் ஒத்துப்போகாவிட்டால் வருடக்கணக்கில் இழுபடும்.

ஒரே மகள், சண்டை இல்லை என்றால் சீவிய உருத்தோடு நன்கொடையே நல்லது. யாருக்குக் கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லையா? அப்போ சாதனம்.