இருவர் சுற்ற எது தோது: கேம்பர் வேனா, பெரிய மோட்டார்ஹோமா?

இரண்டுமே உள்ளே படுத்துறங்கிப் பயணிக்கும் வண்டிகள். கேம்பர் வேன் சாதாரண வேனுக்குள் கட்டில் முதலியவை பொருத்தியது; மோட்டார்ஹோம் வீடு போன்ற கூடு கட்டிய வண்டி.

அளவு: வேன் சுமார் 6 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் உயரம். மோட்டார்ஹோம் பெரும்பாலும் 7 மீட்டர். உயரம் 3 மீட்டரைத் தொடும்.

ஓட்டுவது: பழைய ஊர்களின் ஒடுங்கிய தெருக்களில் வேன் நுழையும். மோட்டார்ஹோமை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பேருந்து ஏறுவதே நல்லது. திரும்பும்போது பின்சக்கரத்தைத் தாண்டி நீளும் பகுதி எதிர்ப்பக்கம் வீசும். கம்பத்தில் உரசுவது பெரும்பாலும் அதுதான். 2 மீட்டரில் தடுப்புக் கம்பி வைத்த பார்க்கிங்கில் வேனுக்கும் இடமில்லை. கூரை ஏசியையும் சேர்த்து உயரத்தை அளந்து, ஓட்டுபவர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். காருக்கான வழிகாட்டிச் செயலிகள் தாழ்வான பாலங்களைக் கணக்கில் கொள்வதில்லை.

படுக்கை: வேனில் கட்டில் பெரும்பாலும் குறுக்கே, சுமார் 1.9 மீட்டர். உயரமானவர் காலை மடக்க வேண்டும். உள்பக்கம் படுப்பவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க முடியும். மோட்டார்ஹோமில் தனித்தனிக் கட்டில்களும் கிடைக்கும்.

கழிவறை: இரண்டிலும் பொதுவாக 20 லிட்டருக்கு உட்பட்ட கேசட்தான் (வெளியே எடுத்துக் கொட்டும் கழிவுத் தொட்டி). இருவருக்கு இரண்டு மூன்று நாளில் நிறையும். பெரிய வண்டி கூடுதல் நாள் தாங்கும் என்பது வெறும் நம்பிக்கை.

எரிபொருள்: வேனே சிக்கனம்.

தினம் ஓர் ஊர் என்றால் வேன். ஓரிடத்தில் வாரக்கணக்கில் தங்கி, மழை நாளில் உள்ளேயே பொழுதைப் போக்குபவர்களுக்கு மோட்டார்ஹோம். பின்னால் இரண்டு சைக்கிள்களை மாட்டிக்கொண்டால் ஊர் சுற்றவும் வழி உண்டு.